உங்க சிசிடிவி கேமராவை நீங்க மட்டும்தான் பார்க்கறீங்களா? ஹேக்கர்கள் நுழைவது எப்படி, தடுப்பது எப்படி?

குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் உள்ள ஒரு மகப்பேறு மருத்துவமனை. பெண்களுக்குப் பரிசோதனையும் ஊசியும் நடக்கும் அறைக்குள் ஒரு சிசிடிவி கேமரா. அந்தக் கேமராவில் பதிவான காட்சிகள் 2025 பிப்ரவரியில் யூடியூபில் துண்டு துண்டாக வெளியாகின. முழு வீடியோ வேண்டுமா, டெலிகிராம் குழுவில் பணம் கட்டிச் சேருங்கள் என்று கூடவே ஒரு லிங்க்கும் இருந்தது.

மருத்துவமனைக்குள் இருந்த யாரோதான் காட்சிகளை எடுத்து விற்றிருக்க வேண்டும் என்ற சந்தேகம்தான் யாருக்கும் முதலில் வரும். ஆனால் அகமதாபாத் சைபர் கிரைம் போலீசார் கைது செய்தது மகாராஷ்டிராவிலும் உத்தரப் பிரதேசத்திலும் இருந்தவர்களை. அவர்கள் அந்த மருத்துவமனையின் கேமராவை மட்டும் குறிவைக்கவில்லை. பல மாநிலங்களில் மருத்துவமனை, பள்ளி, அலுவலகம், வீடு என்று எங்கெல்லாம் கேமரா திறந்து கிடந்ததோ, அங்கெல்லாம் புகுந்து காட்சிகளை எடுத்திருக்கிறார்கள். வழக்கில் சைபர் பயங்கரவாதப் பிரிவும் சேர்க்கப்பட்டது.

இவ்வளவு பெரிய வேலைக்கு அவர்கள் என்ன மந்திரம் போட்டார்கள்? பெரிதாக ஒன்றுமில்லை. 'அட்மின்123' மாதிரியான பாஸ்வேர்டுகள் மாற்றப்படாமல் இருந்தன. அதையும் அதைப் போன்ற சொற்களையும் மென்பொருள் ஒன்று வரிசையாகப் போட்டுப் பார்த்தது. சில கதவுகள் திறந்தன.

பாதுகாப்புக்காக மாட்டிய கேமராவே அந்தப் பெண்களின் அந்தரங்கத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டது. அவர்களில் ஒருவர்கூட அந்தக் கேமராவை வாங்கவில்லை, மாட்டவில்லை, அதன் பாஸ்வேர்ட் என்னவென்று கேட்கும் நிலையிலும் இல்லை.

சாவி யாரிடம் இருக்கிறது?

நம்ம ஊரில் சிசிடிவி மாட்டும் வேலை எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடைக்கு நாலு கேமரா, ஒரு டிவிஆர், ஒரு ஹார்டு டிஸ்க். டெக்னீஷியன் வருகிறார், ஏணி போட்டு ஒயர் இழுக்கிறார், சாயங்காலத்துக்குள் வேலையை முடிக்கிறார். உங்கள் போனை வாங்கி ஆப்பை இறக்கி, கேமரா காட்சி தெரிகிறதா என்று காட்டுகிறார். "அண்ணே, எல்லாம் போட்டாச்சு. ஏதாச்சும்னா கூப்பிடுங்க." பணம் கைமாறுகிறது. கதை முடிந்தது.

இதில் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. பாஸ்வேர்ட் என்ன?

இப்போது வரும் பெரும்பாலான பிராண்டு கருவிகள் முதல் முறை ஆன் செய்யும்போதே புதிய பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும். ஆகவே, கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்ட் அப்படியே இருக்கும் பிரச்சினை முன்பைவிடக் குறைவு. ஆனால் அந்தப் புதிய பாஸ்வேர்டை வைப்பது யார்? டெக்னீஷியன்தான். அவருக்கு இருக்கும் நூறு வாடிக்கையாளர்களுக்கும் நூறு பாஸ்வேர்ட் வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் 'அட்மின்' என்ற சொல்லோடு ஒரு எண்ணோ, கடைப் பெயரோடு 1234-ஓ போட்டுவிடுவார். ஒரே தெருவில் உள்ள மளிகைக் கடை, மெடிக்கல் ஷாப், பக்கத்து வீடு மூன்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஒரு இடத்தில் தெரிந்தால் போதும், மற்ற இடங்களும் போச்சு.

இதற்காக டெக்னீஷியனைத் திட்டிப் பயனில்லை. பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று ராத்திரி பத்து மணிக்குப் போன் வருவது அவருக்குத்தானே! அவருக்கு வசதியாக ஒன்றை வைத்துக்கொள்கிறார். அதை மாற்ற வேண்டிய பொறுப்பு கேமராவின் சொந்தக்காரருடையது.

இன்னொரு விஷயம், அதிகம் பேருக்குத் தெரியாதது. பல நிறுவனங்களின் ஆப்களில் ஒரு கருவியை ஒரே ஒரு கணக்கில்தான் 'ஓனர்' ஆகச் சேர்க்க முடியும். மற்றவர்களுக்கு 'ஷேர்' மட்டும்தான். அவசரத்தில் டெக்னீஷியன் தன்னுடைய மொபைல் நம்பரிலோ மெயில் ஐடியிலோ கருவியைச் சேர்த்துவிட்டு, உங்களுக்கு ஷேர் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அப்படியென்றால் உங்கள் வீட்டு ஹாலுக்குச் சட்டப்படி நீங்கள் சொந்தக்காரர், ஆப் கணக்குப்படி அவர்தான் சொந்தக்காரர். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் போன் தொலைந்தால்? அவர் கணக்கின் பாஸ்வேர்ட் கசிந்தால்?

ஹேக்கருக்கு உங்கள் கேமரா இருப்பது எப்படித் தெரியும்?

'நம்ம கடையை யாருங்க தேடி வந்து ஹேக் பண்ணப் போறாங்க?' என்பது எல்லோரும் சொல்லும் வார்த்தை. உண்மைதான், உங்களைத் தேடி யாரும் வரவில்லை. இணையத்தில் உள்ள ஐபி முகவரிகளை ஒன்றுவிடாமல் தட்டிப் பார்க்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. எந்த முகவரியில் கேமரா பதில் சொல்கிறது, எது ரௌட்டர், எது பிரிண்டர் என்று அவை பட்டியல் எடுத்துக்கொண்டே இருக்கும். 'ஷோடான்' என்று ஒரு தேடுபொறியே 2009 முதல் இயங்குகிறது. கூகுள் வலைப்பக்கங்களைத் தேடுவது மாதிரி, அது இணையத்தோடு இணைந்த கருவிகளைத் தேடும். பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். கெட்ட எண்ணம் உள்ளவர்களுக்கும் அது திறந்தே இருக்கிறது.

கேமரா வெளியில் இருந்து தெரிவதற்கு முக்கியக் காரணம் 'போர்ட் ஃபார்வர்டிங்' என்ற அமைப்பு. கடைக்கு வெளியே இருந்தும் போனில் பார்க்க வேண்டும் என்பதற்காக, ரௌட்டரில் ஒரு ஓட்டை போட்டு, அந்த வழியாக வருபவர்களை நேராக டிவிஆருக்கு அனுப்புவது. நீங்கள் வரும் அதே வழியில் ஊர் உலகமும் வரும். சில ரௌட்டர்களில் 'யுபிஎன்பி' என்ற வசதி ஆன் ஆகியிருக்கும். கருவியே கேட்டால் ரௌட்டர் அதுவாகவே ஓட்டை போட்டுக் கொடுத்துவிடும். உங்களுக்குத் தெரியவே தெரியாது.

வீடுகளுக்கு இதில் கொஞ்சம் ஆறுதல் உண்டு. பல ஃபைபர் இணைப்புகளில் வீட்டுக்கென்று தனிப் பொது ஐபி முகவரி கொடுப்பதில்லை, பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதனால் வெளியிலிருந்து நேராகத் தட்டுவது கடினம். ஆனால் 'ஸ்டாட்டிக் ஐபி' வாங்கி வைத்திருக்கும் ஜவுளிக்கடை, மருத்துவமனை, கல்யாண மண்டபம், குடோன் போன்ற இடங்களுக்கு அந்த ஆறுதல் இல்லை. அங்கே ஓட்டை இருந்தால் அது உலகத்துக்கே தெரியும் ஓட்டை.

அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகள் செய்த வேலை

பாஸ்வேர்டை மாற்றாமல் விடுவதால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் 2016-லேயே பாடம் படித்தது. 'மிராய்' என்று ஒரு தீய மென்பொருள். எழுதியவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள். கேமரா, டிவிஆர், ரௌட்டர் போன்ற கருவிகளைத் தேடிப்பிடித்து, அதற்குள்ளேயே எழுதி வைத்திருந்த அறுபது சொச்சம் யூசர்நேம், பாஸ்வேர்ட் ஜோடிகளைப் போட்டுப் பார்க்கும். எல்லாம் கம்பெனிகளே வைத்த ஆரம்பப் பாஸ்வேர்டுகள். அதைக் கொண்டே லட்சக்கணக்கான கருவிகள் அதன் பிடிக்குள் வந்தன.

2016 அக்டோபர் 21 அன்று அப்படிப் பிடிபட்ட கருவிகள் எல்லாம் சேர்ந்து 'டைன்' என்ற அமெரிக்க நிறுவனத்தின் சர்வர்களை மூச்சுமுட்ட வைத்தன. இணைய முகவரிகளைக் காட்டிக்கொடுக்கும் சேவை அது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெடிட் எல்லாம் பலருக்கும் பல மணி நேரம் திறக்கவில்லை. யாரோ ஒருவரின் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த கேமராவும் அந்தப் படையில் ஒரு சிப்பாய். அதன் உரிமையாளருக்குத் தெரிந்தது எல்லாம், நெட் கொஞ்சம் ஸ்லோவாக இருக்கிறது என்பது மட்டும்தான்.

மிராயில் ஒரு வேடிக்கை உண்டு. கருவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் அது போய்விடும். ஆனால் பாஸ்வேர்டை மாற்றாமல் திரும்ப இணையத்தில் விட்டால், சில நிமிடங்களிலேயே மறுபடி தொற்றிக்கொள்ளும்.

தென் கொரியாவில் 2025 இறுதியில் வெளிவந்த வழக்கும் இதே ரகம்தான். 1,20,000-க்கும் மேற்பட்ட கேமராக்களுக்குள் புகுந்ததாக நான்கு பேரை அந்நாட்டு போலீசார் கைது செய்தனர். நால்வரும் ஒரு கும்பல்கூட இல்லை, தனித்தனியாகச் செய்தவர்கள் என்றது காவல்துறை. வீடுகள், கரோக்கி அறைகள், ஒரு மகளிர் மருத்துவ கிளினிக் எல்லாம் அதில் இருந்தன. வழி அதே எளிய பாஸ்வேர்ட். மிராய் வந்து ஒன்பது வருடம் ஆன பிறகும்!

பாஸ்வேர்ட் கஷ்டமானது, ஆனாலும் உள்ளே வந்தார்கள்

வைஃபை கேமராவில் கதை வேறு மாதிரி. இதில் டிவிஆர் இல்லை. கேமரா நேராகக் கம்பெனியின் கிளவுட் சர்வரோடு பேசும், நீங்கள் ஆப்பில் லாகின் செய்து பார்ப்பீர்கள். ரௌட்டரில் ஓட்டை தேவையில்லை என்பதால் அந்த வகையில் நல்லது. ஆனால் உங்கள் கணக்கின் பாஸ்வேர்ட் தெரிந்த யாரும் எங்கிருந்தும் உங்கள் வீட்டைப் பார்க்கலாம்.

2019 டிசம்பரில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் நடந்தது இது. 8 வயது சிறுமியின் அறையில் 'ரிங்' கேமரா இருந்தது. யாரோ ஒருவர் அந்தக் கேமராவின் ஸ்பீக்கர் வழியே பாட்டை ஓடவிட்டு, சிறுமியிடம் பேச ஆரம்பித்தார். தாயைக் கூப்பிட்டு அலறியது குழந்தை. அந்தக் காட்சியைக் கேமராவே பதிவு செய்தது, உலகம் முழுக்கப் பரவியது.

அந்தக் காலகட்டத்தில் வரிசையாக நடந்த இதுபோன்ற சம்பவங்களுக்கு அந்த நிறுவனம் சொன்ன விளக்கம், வேறு தளங்களில் கசிந்த பாஸ்வேர்டுகளை இங்கே போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பது. அதாவது ஷாப்பிங் தளத்துக்கும் மெயிலுக்கும் கேமராவுக்கும் ஒரே பாஸ்வேர்ட். எங்கோ ஒரு தளம் கசிந்தால் வீட்டுக் கதவும் திறந்துவிடும். பிறகு 2023-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்தின் மீது எடுத்த நடவடிக்கையில், கணக்குகளைக் காப்பாற்றப் போதுமான ஏற்பாடு செய்யவில்லை என்றும், ஊழியர்களே வாடிக்கையாளர்களின் வீடியோக்களைப் பார்க்கும் நிலை இருந்தது என்றும் குற்றம்சாட்டியது. 58 லட்சம் டாலர் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. பழியை வாடிக்கையாளர் மேல் மட்டும் போட்டுவிட்டுப் போக முடியாது என்பதற்கு இது ஒரு கணக்கு.

கம்பெனி பக்கமே கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதை 2021 மார்ச்சில் 'வெர்கடா' விவகாரம் காட்டியது. அந்த நிறுவனத்தின் உச்சகட்ட அதிகாரம் உள்ள ஒரு கணக்கின் விவரம் இணையத்தில் வெளியே கிடந்திருக்கிறது. அதைக் கண்டெடுத்த ஹேக்கர் குழு மருத்துவமனை, சிறை, பள்ளி, தொழிற்சாலை என்று சுமார் 1,50,000 கேமராக்களைப் பார்க்க முடிந்தது. வாடிக்கையாளர்கள் எவ்வளவு நல்ல பாஸ்வேர்ட் வைத்திருந்தும் பயனில்லாமல் போனது.

ஆக, உங்களால் தடுக்க முடியாத ஹேக்கிங்கும் உண்டு. அதற்கு இருக்கும் ஒரே மருந்து, கேமராவை எங்கே மாட்டுகிறோம் என்பதில் இருக்கிறது.

படுக்கையறையில் கேமரா எதற்கு?

வாசல், காம்பவுண்ட், பார்க்கிங், கல்லாப்பெட்டி, குடோன். இந்தக் காட்சிகள் வெளியே போனால் நஷ்டம்தான், ஆனால் யாருடைய வாழ்க்கையும் உடைந்துபோகாது. படுக்கையறை, உடை மாற்றும் இடம், மருத்துவப் பரிசோதனை அறை, ஹாஸ்டல் அறை அப்படியில்லை. அங்கே மாட்டாத கேமராவை எந்த ஹேக்கராலும் ஹேக் செய்ய முடியாது.

குழந்தையைப் பார்க்கவோ, படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களைக் கவனிக்கவோ அறைக்குள் கேமரா வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு வேறு வழியில்லாத நிலை அது. அப்படி வைத்தால், கட்டிலை மட்டும் பார்க்கும்படி வையுங்கள், உடை மாற்றும்போதும் உடம்பு துடைக்கும்போதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஆப்பில் 'பிரைவசி மோட்' இருக்கும், ஆனால் பிளக்கைப் பிடுங்குவது அதைவிட நிச்சயம். மைக் தேவையில்லை என்றால் ஆஃப் செய்துவிடலாம். காட்சியைவிடப் பேச்சு கசிவதுதான் சில வீடுகளில் பெரிய தலைவலி.

கடை, மருத்துவமனை, லாட்ஜ் நடத்துபவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, ஒருவரின் சம்மதம் இல்லாமல் அந்தரங்க உடல் பாகங்களைப் படம்பிடிப்பதையும் பரப்புவதையும் குற்றமாக்குகிறது. 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில், பெண்ணை அந்தரங்கமான நிலையில் பார்ப்பதும் படமெடுப்பதும் பரப்புவதும் குற்றம். முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. ஹேக்கர் மேல் வழக்கு வருவது இருக்கட்டும், அந்த இடத்தில் கேமரா ஏன் இருந்தது என்ற கேள்வி முதலில் நிர்வாகத்திடம்தான் வரும்.

சரி, இன்னிக்கு சாயங்காலம் என்ன செய்யணும்?

முதல் வேலை, டிவிஆர் அல்லது என்விஆரின் அட்மின் பாஸ்வேர்டை வாங்குங்கள். டெக்னீஷியனுக்குப் போன் போட்டு, "தம்பி, பாஸ்வேர்ட் சொல்லுங்க, நான் மாத்திக்கறேன்" என்று சொன்னால் போதும். இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. புது வீட்டுக்குப் போனால் பூட்டை மாற்றுவதில்லையா? மாற்றும்போது பேர், போன் நம்பர், வண்டி நம்பர், கடைப் பெயர் வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து, நடுவில் ஒரு எண் போட்டால் நீளமாகவும் இருக்கும், நினைவிலும் நிற்கும். டிவிஆர் மேலேயே பேப்பரில் எழுதி ஒட்டி வைக்கும் பழக்கம் நிறையக் கடைகளில் இருக்கிறது. அதற்கு வைக்காமலே இருக்கலாம். பீரோவில் வைக்கும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அட்மின் கணக்கைத் தினசரி பார்க்கப் பயன்படுத்தாதீர்கள். பார்க்க மட்டும் அனுமதி உள்ள தனி யூசர் ஒன்றை உருவாக்கி, மேனேஜருக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் அதைக் கொடுங்கள். வேலையை விட்டு ஒருவர் போனால் அவருடைய யூசரை நீக்கினால் போதும். இல்லையென்றால் போன ஆண்டு நின்ற சூப்பர்வைசர் இந்த ஆண்டும் உங்கள் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்து ஆப்பைத் திறந்து, கருவி யார் கணக்கில் இருக்கிறது, யாருக்கெல்லாம் ஷேர் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கணக்கில் இல்லையென்றால், டெக்னீஷியன் தன் கணக்கிலிருந்து நீக்கிய பிறகு, கருவியில் ஒட்டியிருக்கும் கியூஆர் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து உங்கள் நம்பரில் சேருங்கள். அந்த ஸ்டிக்கரில்தான் சீரியல் எண்ணும், பல கருவிகளில் சரிபார்ப்புக் குறியீடும் இருக்கும். அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்ப வேண்டாம்.

ஆப்பில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' இருந்தால் உடனே ஆன் செய்யுங்கள். பாஸ்வேர்ட் தெரிந்தாலும் ஓடிபி இல்லாமல் உள்ளே வர முடியாது. மிசிசிப்பி வீட்டில் அது ஆன் ஆகியிருக்கவில்லை. கேமரா கணக்கோடு இணைந்த மெயிலுக்கும் இதே பாதுகாப்பு வேண்டும். மெயில் போனால், 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' பட்டனை அழுத்தி எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்.

ரௌட்டரை யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அதன் அட்மின் பாஸ்வேர்டும் பெரும்பாலும் கம்பெனி கொடுத்ததாகத்தான் இருக்கும். மாற்றுங்கள். உள்ளே போய் யுபிஎன்பியை ஆஃப் செய்யுங்கள், போர்ட் ஃபார்வர்டிங்கில் ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். நீங்கள் ஆப் வழியாகத்தான் பார்க்கிறீர்கள் என்றால், பெரும்பாலும் அந்த வரி தேவையில்லை. நீக்கிவிட்டு வெளியே போய் மொபைல் டேட்டாவில் ஆப்பைத் திறந்து பாருங்கள். காட்சி வந்தால் வேலை முடிந்தது. வெளியூரில் இருந்து நேரடியாக இணைந்தே ஆக வேண்டிய பெரிய நிறுவனங்கள் விபிஎன் வைத்துக்கொள்வதுதான் முறை.

வைஃபை கேமராக்களை 'கெஸ்ட்' நெட்வொர்க்கில் சேர்ப்பது இன்னொரு நல்ல வழி. கேமராவுக்குள் ஒருவர் வந்தாலும், உங்கள் லேப்டாப்புக்கும் பில்லிங் கம்ப்யூட்டருக்கும் தாவ முடியாது. தாவ முடியுமா என்று கேட்பவர்களுக்கு: 2025-ல் 'அகிரா' என்ற ரான்சம்வேர் கும்பல் ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களில் பாதுகாப்பு மென்பொருள் தடுத்ததால், அதே நெட்வொர்க்கில் இருந்த ஒரு வெப்கேமராவைப் பிடித்து, அதிலிருந்தபடியே மொத்தக் கோப்புகளையும் பூட்டிய சம்பவத்தை எஸ்ஆர்எம் என்ற பிரிட்டன் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. கேமராவுக்குள் ஆன்டிவைரஸ் கிடையாது. அது ஒரு குட்டி கம்ப்யூட்டர் என்று யாரும் நினைப்பதும் கிடையாது.

குட்டி கம்ப்யூட்டர் என்பதால்தான் அதற்கும் அப்டேட் வேண்டியிருக்கிறது. 2021 செப்டம்பரில் ஹைக்விஷன் கேமராக்களின் பல மாடல்களில் ஒரு பெரிய ஓட்டை வெளியே வந்தது. யூசர்நேமும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம், நெட்வொர்க்கில் எட்டும் தூரத்தில் இருந்தால் முழுக் கட்டுப்பாடும் கையில். நிறுவனம் திருத்தத்தை வெளியிட்டுவிட்டது. ஆனால் பரணில் தூசி படிந்து கிடக்கும் டிவிஆரில் யார் போய் அதைப் போடுவது? ஆப்பிலோ செட்டிங்ஸிலோ 'ஃபர்ம்வேர் அப்டேட்' என்று இருக்கும். வருடாந்தரப் பராமரிப்புக்கு ஆள் வரும்போது கண்ணாடி துடைப்பதோடு இதையும் செய்யச் சொல்லுங்கள். அப்டேட்டே வருவது நின்றுபோன பழைய மாடல் என்றால், இணையத்தோடு இணைக்காமல் உள்ளூரில் பதிவு செய்ய மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

புதிதாக வாங்குபவர்களுக்கு

பிராண்டு பெயரே இல்லாமல் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பல்பு கேமராக்களைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். அதன் ஆப்பை யார் நடத்துகிறார்கள், காட்சி எந்த நாட்டு சர்வருக்குப் போகிறது, அடுத்த வருடம் அப்டேட் வருமா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காத கேமராவை வீட்டுக்குள் விட வேண்டுமா என்று யோசியுங்கள்.

இந்தியாவில் சிசிடிவி கேமராக்களுக்கான பாதுகாப்புத் தேவைகளை மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. 2025 ஏப்ரல் முதல் அது கட்டாயம். அந்தச் சோதனைகளில் தேறிய மாடல்களைத்தான் விற்பனைக்குக் கொண்டுவர வேண்டும். அமைச்சகத்தின் கீழ் உள்ள எஸ்டிகியூசி இதற்கான சோதனைகளைச் செய்கிறது. கடையில் மாடல் எண்ணைச் சொல்லி, அதற்குச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய ஸ்டாக், பாதி விலை என்றால் அந்தக் கேள்வியை இரண்டு முறை கேளுங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கக்கூடிய ஒரே ஆரம்பப் பாஸ்வேர்டோடு இணையக் கருவிகளை விற்பதே சட்டவிரோதம்.

ஆனால் சட்டம் கம்பெனியைக் கட்டுப்படுத்தும். ஒயர் இழுத்துவிட்டு 1234 போடும் கையை அது கட்டுப்படுத்தாது. சென்னை காவல்துறை 'மூன்றாவது கண்' என்ற பெயரில் பொதுமக்களையும் வியாபாரிகளையும் கேமரா மாட்ட ஊக்குவித்த பிறகு, தெருவுக்குத் தெரு கேமரா வந்தது. எத்தனையோ வழக்குகளுக்கு அது உதவியும் இருக்கிறது. மாட்டச் சொல்லும்போதே பாஸ்வேர்டை மாற்றவும் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஏற்கெனவே ஹேக் ஆகியிருந்தால்?

கேமரா தானாகத் திரும்புவது, ஸ்பீக்கரில் குரல் கேட்பது, நீங்கள் மாற்றாத செட்டிங் மாறியிருப்பது, லாகின் பதிவில் தெரியாத போன் இருப்பது. இவை அறிகுறிகள். ஆனால் காட்சிகளைத் திருடி விற்பவர்கள் சத்தம் போட மாட்டார்கள். அறிகுறி இல்லை என்பதால் ஹேக் ஆகவில்லை என்று அர்த்தமில்லை.

சந்தேகம் வந்தால் முதலில் கேமராவை இணையத்திலிருந்து துண்டியுங்கள். ரீசெட் செய்ய அவசரப்பட வேண்டாம், லாகின் பதிவுகள் அழிந்துபோகும். அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ, 1930 என்ற எண்ணிலோ, மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். பிறகு ரீசெட், அப்டேட், புதுப் பாஸ்வேர்ட்.

வீடியோ ஏற்கெனவே வெளியே வந்துவிட்டால், அந்த லிங்க், சேனல் பெயர், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வீடியோவை யாருக்கும் ஃபார்வர்டு செய்ய வேண்டாம், ஆதாரம் என்று சொல்லியும் வேண்டாம். பாதிக்கப்பட்டவர் நேரடியாக அந்தத் தளத்தில் புகார் செய்தால், அந்தரங்கக் காட்சிகளைக் குறுகிய கெடுவுக்குள் நீக்க வேண்டும் என்று இந்திய விதிகள் சொல்கின்றன. 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இலவசச் சேவையும் இருக்கிறது. வீடியோவைப் பதிவேற்றாமல், உங்கள் போனிலேயே அதற்கு ஒரு டிஜிட்டல் கைரேகை உருவாக்கி, அதில் சேர்ந்துள்ள சமூக வலைதளங்களுக்கு அனுப்பித் தடுக்கச் செய்யும். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது அது. எல்லாத் தளங்களும் அதில் சேரவில்லை, ஆனாலும் பரவலைக் குறைக்கும்.

மிரட்டிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு முறை கொடுத்தால் அடுத்த மாதமும் கேட்பார்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. பழைய டிவிஆரை எக்ஸ்சேஞ்சில் போடும்போதோ, காயலான் கடைக்குக் கொடுக்கும்போதோ, உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கில் பல நாள் காட்சிகள் அப்படியே இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஃபார்மேட் செய்து, ஃபேக்டரி ரீசெட் போட்டு, ஆப்பிலிருந்தும் கருவியை நீக்கிவிட்டுக் கொடுங்கள்.